மருந்து அடிக்கும் விமானத் தளங்களில் மண்ணும் கிணறும் கெட்டால்: கண்டுபிடிப்பது முதல் சுத்தம் செய்வது வரை

வயலுக்கு மேல் தாழப் பறந்து மருந்து அடிக்கும் விமானத்தைப் பார்க்கிறவர்கள் வயலைத்தான் பார்ப்பார்கள். மண் மாதிரி எடுப்பது என் தொழில் என்பதால் எனக்குக் கண் போவது அந்த விமானம் வந்து இறங்குகிற இடத்துக்கு. வயலில் மருந்து தண்ணீரில் கரைந்து ஏக்கர் கணக்கில் பரந்து விழுகிறது. தளத்தில் அதே மருந்தை நீர் சேர்க்காமல் கேனிலிருந்து திறக்கிறார்கள், ஊற்றுகிறார்கள், சிந்துகிறார்கள், மிச்சத்தைக் கழுவி விடுகிறார்கள். அதுவும் அதே பத்தடி இடத்தில், ஒரு நாளைக்கு இருபது தடவை, வருடக்கணக்காக.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்து 35 சதவீத இ.சி. (தண்ணீரில் கலக்கும் கெட்டித் திரவம்) என்றால் ஒரு லிட்டரில் 350 கிராம் விஷம். இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500 எண்டோசல்பானுக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.4 மைக்ரோகிராம். வகுத்தால், கை தவறிக் கவிழ்ந்த ஒரு லிட்டர் 87.5 கோடி லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோகப் போதும். எல்லாமும் கிணற்றுக்குப் போய்விடாது, பெரும்பகுதி மண்ணிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் எதைத் தேடிப் போகிறோம் என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடுகிறது.

படி 1: எந்த வருடத்தில் எந்த மருந்து?

மண்வெட்டியை எடுக்கும் முன் தளத்தின் வயதைக் கண்டுபிடியுங்கள். எந்த விஷத்தைத் தேட வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது.

விமானத்திலிருந்து மருந்து தூவும் வேலை 1921 ஆகஸ்ட் 3 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் டிராய் ஊருக்கு அருகே தொடங்கியது. ஜான் மக்ரெடி என்ற ராணுவ விமானி ஒரு கடால்பா மரத்தோப்பின் மேல் ஈய ஆர்செனேட் தூளைத் தூவினார். சில வருடங்களில் தெற்கு மாநிலங்களில் பருத்திக் காய்வண்டுக்குக் கால்சியம் ஆர்செனேட் தூவ ஹஃப் டாலண்ட் டஸ்டர்ஸ் என்ற கம்பெனி வந்தது. இன்றைய டெல்டா ஏர்லைன்ஸின் வேர் அதுதான். ஆகவே 1945-க்கு முந்தைய தளம் என்றால் ஆர்செனிக்கும் ஈயமும். உலகப் போருக்குப் பிறகு டிடிடி வந்தது. அமெரிக்காவில் அதற்கான அனுமதி 1972 கடைசியில் ரத்தானது. பருத்தியில் அந்த இடத்தை டாக்சஃபீன் பிடித்தது. அதன் பெரும்பாலான பயன்பாடுகளை 1982-இல் நிறுத்தினார்கள். அதற்குப் பிந்தைய தளங்களில் மெத்தில் பாரத்தியான் வகையறாவும் அட்ரசின் போன்ற களைக்கொல்லிகளும்.

இதற்கு நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் டெக்சாஸ் மாநிலம் சவாலா கவுண்டியில் உள்ள கிரிஸ்டல் சிட்டி. கீரைக்குப் பேர் போன ஊர், 1937-இல் கீரை தின்னும் கார்ட்டூன் வீரன் பாப்பாய்க்குச் சிலையே வைத்தார்கள். அந்த ஊர் விமான நிலையத்தில் பல தனியார் கம்பெனிகள் மருந்து விமானம் ஓட்டின. தொழில் நின்றதும் ட்ரம்களை அப்படியே விட்டுப் போய்விட்டார்கள். 1983-இல் அவசரமாக ட்ரம்களை அகற்ற வேண்டி வந்தது. மண்ணில் கிடைத்தவை டாக்சஃபீன், டிடிடி, ஆர்செனிக். மேலே சொன்ன மூன்று காலங்களின் விஷமும் ஒரே இடத்தில்! 1986-இல் அது அமெரிக்காவின் சூப்பர்ஃபண்ட் பட்டியலில், அதாவது அரசு சுத்தம் செய்ய வேண்டிய மிக மோசமான நச்சு இடங்களின் பட்டியலில் சேர்ந்தது. கெட்ட மண்ணை அங்கேயே ஒரு குழியில் சேர்த்து மூடிய பிறகு 1995-இல் பட்டியலிலிருந்து எடுத்தார்கள்.

நம் பக்கத்தில் காசர்கோடு. கேரள தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்களில் 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். தெளிப்பு நின்ற பிறகும் கிடங்குகளில் மிச்சம் கிடந்தது. ஒழுகத் தொடங்கிய பழைய ட்ரம்களிலிருந்து புதுப் பீப்பாய்களுக்கு அதை மாற்றவே 2012 ஆகிவிட்டது. மருந்தைக் கிணற்றில் கொட்டிப் புதைத்தார்கள் என்ற புகார் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அங்கே பாதிக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். மருந்து கலந்த இடங்களின் மண்ணைப் பற்றிப் படித்தது குறைவு.

கொள்முதல் ரசீது, பழைய வான்வழிப் படங்கள், தீயணைப்புத் துறைப் பதிவுகள் எல்லாவற்றையும் தேடுங்கள். அமெரிக்காவில் வேளாண் துறை 1930-களிலிருந்தே வான்வழிப் படம் எடுத்து வைத்திருக்கிறது. எந்த வருடம் எந்த ஷெட் எங்கே இருந்தது என்று அதில் தெரியும். ஆனால் காகிதத்தைவிடப் பெரிய சாட்சி அங்கே விமானத்தில் மருந்து ஏற்றும் வேலை பார்த்த லோடர். விமானிக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். நான் போன ஒரு பழைய தளத்தில் மூன்று நாள் அலைந்தும் கழுவுநீர் எங்கே போனது என்று பிடிபடவில்லை. எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் வந்தார். செருப்புக் காலால் தரையைத் தட்டி, "இங்கதான் தம்பி குழி இருந்துச்சு. ரொம்புனா அந்தப் பக்கம் வாய்க்கால்ல வெட்டி விட்டுருவோம்" என்றார். அந்த வாய்க்கால் எந்த வரைபடத்திலும் இல்லை. அவர் கையில் அந்தக் காலத்தில் உறையும் இல்லை.

படி 2: நடந்து பாருங்கள், படம் வரையுங்கள்

தளம் முழுக்க ஒரே மாதிரி கெட்டிருக்காது. கெட்டுப்போன இடங்கள் பெரும்பாலும் இவை: ஹாப்பரில் (விமானத்தின் மருந்துத் தொட்டியில்) மருந்து ஏற்றும் மேடை, விமானத்தைக் கழுவும் இடம், கழுவுநீர்க் குழி, காலி ட்ரம் அடுக்கிய மூலை, கேன்களை எரித்த குழி, ஓடுதளத்தின் கோடி. கோடி எதற்கு என்று கேட்பீர்கள். நாள் முடிவில் ஹாப்பரில் மிச்சமிருப்பதை அங்கே போய் இறக்கிவிடுகிற பழக்கம் பல தளங்களில் இருந்தது.

மேடையில் காங்கிரீட் இருந்தால் சரிவு எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினால் அதுவே காட்டிவிடும். அது எந்த விரிசலில் நுழைகிறதோ, எந்த ஓரத்தில் மண்ணுக்கு இறங்குகிறதோ, அங்கேதான் உங்கள் முதல் மாதிரி. சுற்றிலும் புல் முழங்கால் உயரம் நிற்க ஒரு இடத்தில் மட்டும் மொட்டையாக இருந்தால் அது களைக்கொல்லி. ஆனால் டிடிடி, டாக்சஃபீன் இருக்கிற மண்ணில் புல் நன்றாகவே வளரும், ஆகவே பசுமையைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

இப்போது கிணற்றுக்கு வாருங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். ஏர் டிராக்டர் 502 வகை விமானத்தின் ஹாப்பர் 500 கேலன், அதாவது சுமார் 1,900 லிட்டர் பிடிக்கும். சீசனில் விமானம் தரையில் நிற்கும் நேரம் சில நிமிடங்கள்தான். அந்த நேரத்துக்குள் ரொப்ப வேண்டும் என்பதற்காகப் போர்வெல்லை மேடைக்குப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். மருந்து அதிகம் சிந்துகிற இடமும் நிலத்தடி நீருக்குத் திறந்த வாசலும் ஒரே இடம். போர்வெல்லின் குழாயைச் சுற்றிச் சிமெண்ட் பூச்சு சரியில்லை என்றால் மேலே சிந்தியது குழாயின் வெளிப்புறமாகவே வழிந்து கீழே போய்விடும். மண் வடிகட்டுவதற்கு வாய்ப்பே கிடைக்காது.

அதைவிட மோசமானது பின்னுறிஞ்சல். ஹோஸின் முனை கலவைத் தொட்டியில் முங்கிக் கிடக்கிறது. மோட்டார் ஓடுகிறது. கரண்ட் போகிறது. குழாயில் நிற்கும் தண்ணீர் கிணற்றுக்குள் திரும்பி இறங்குகிறது. இறங்கும்போது தொட்டியில் இருக்கிற மருந்துக் கரைசலையும் இழுத்துக்கொண்டு போகிறது. பெட்ரோல் உறிஞ்சுகிற மாதிரியேதான். ஒரு சில நிமிடங்களில் தொட்டி பாதி காலி. அங்கே நிற்பவர், "கசியுதோ?" என்று தொட்டியைச் சுற்றிப் பார்ப்பார். பழைய தளத்தில் ஹோஸ் பைப்பில் தண்ணீரைத் திரும்ப விடாத செக் வால்வு இருந்ததா, ஹோஸ் முனைக்கும் தொட்டி நீர்மட்டத்துக்கும் இடைவெளி இருந்ததா என்று லோடரிடம் கட்டாயம் கேளுங்கள்.

படி 3: ஆய்வுக்கு முன் குடிதண்ணீர்

ஆய்வு முடிய மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பக்கத்து வீடுகள் அந்தக் கிணற்றைக் குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. தளத்துக் கிணற்றையும், நிலம் சரியும் பக்கத்தில் இருக்கிற வீட்டுக் கிணறுகளையும் முதல் வாரத்திலேயே சோதியுங்கள். முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர்.

தண்ணீரைக் காய்ச்சினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கிருமிக்குத்தான் காய்ச்சுவது. ஆர்செனிக் ஆவியாகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். தண்ணீர் தெளிவாக இருக்கிறது, வாடை இல்லை என்பதும் ஒரு ஆதாரமே இல்லை. மைக்ரோகிராம் அளவை மூக்கு கண்டுபிடிக்காது.

இன்னொன்று: பழைய மேடையையோ கூரையையோ அவசரப்பட்டு இடித்துவிடாதீர்கள். அந்தக் காங்கிரீட்தான் இத்தனை நாள் மழை கீழே இறங்காமல் காத்துக்கொண்டிருக்கிறது. ஆய்வு முடியும்வரை தார்ப்பாய் போட்டு மூடி, மழைநீரைத் திருப்பி விடுங்கள். வேலி போடுங்கள், பிள்ளைகள் விளையாட வரும் இடம் அது.

படி 4: மண் மாதிரி

இரண்டு விதமாக எடுக்க வேண்டும். சந்தேகப்படும் இடங்களில் புள்ளிப் புள்ளியாக. மீதிப் பரப்பில், கட்டம் போட்டு முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து சமமாக எடுத்து, கலந்து ஒரே மாதிரியாக. முதல் வகை மிக மோசமான இடத்தைக் காட்டும், இரண்டாவது வகை அந்தப் பரப்பின் சராசரியைச் சொல்லும். கெட்ட இடத்து மண்ணை நல்ல இடத்து மண்ணோடு கலந்து "சராசரி பரவாயில்லை" என்று எழுதுகிற அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். அது அநியாயம்.

ஆழம் 0–15 செ.மீ., 15–30, 30–60, 60–100 என்று போங்கள். பிறகு மீட்டருக்கு ஒன்று, சுத்தமான மண் வரும்வரை, அல்லது தண்ணீர் வரும்வரை. ஒவ்வொரு ஆழத்துக்கும் துளைப்பானைக் கழுவியே ஆக வேண்டும். மேல் மண் ஒரு சிட்டிகை கீழே போனால்கூட ஆழத்து முடிவு பொய்யாகிவிடும். நைட்ரைல் கையுறை, ஒவ்வொரு மாதிரிக்கும் புதிது. அன்று காலை கொசுவிரட்டிக் களிம்பு பூசாதீர்கள், அது மாதிரியில் ஒட்டிவிடும்.

மருந்தே படாத, அதே வகை மண்ணுள்ள தூரத்து இடத்திலிருந்தும் சில மாதிரி வேண்டும். ஆர்செனிக் இயற்கையாகவே எல்லா மண்ணிலும் கொஞ்சம் இருக்கும். ஒப்பிட எதுவும் இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் கேள்வியிலேயே உங்களை உட்கார வைத்துவிடுவார்.

படி 5: நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது?

குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறுகள், முக்கோணமாக. மூன்றிலும் நீர்மட்டத்தை ஒரே நாளில் அளந்தால் சரிவு கிடைக்கும். ஒன்று மேல்பக்கம், இரண்டு கீழ்ப்பக்கம். மேடைக்கு நடுவில் துளை போட்டு விஷத்தை நீங்களே கீழே இறக்கிவிடாதீர்கள்.

வேகத்தை இப்படிக் கணக்கிடலாம். மணற்பாங்கான நிலத்தில் நீர் ஊடுருவும் தன்மை நாளுக்கு 10 மீட்டர், சரிவு 0.002, இடுக்குகளின் பங்கு 0.25 என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 × 0.002 ÷ 0.25 = நாளுக்கு 8 செ.மீ., வருடத்துக்கு 29 மீட்டர். இது தண்ணீரின் வேகம். அட்ரசின் மண்ணோடு அதிகம் ஒட்டாது. கரிமச்சத்து ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கிற மணலில் அது வருடத்துக்குச் சுமார் 17 மீட்டர் போகும். 20 வருடத்தில் 340 மீட்டர். டிடிடி அதே மணலில் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான். அதனால்தான் டிடிடி, டாக்சஃபீனை மேல்மண்ணில் தேடுகிறோம், அட்ரசினைப் பக்கத்து ஊர்க் கிணற்றில் தேடுகிறோம்.

"ஒட்டுகிற மருந்து கிணற்றுக்குப் போகாது" என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். வயலுக்கு அது சரி. தளத்தில் மருந்து சைலீன் போன்ற கரைப்பானோடு சேர்ந்து கொட்டுகிறது, களிமண் வெடிப்பு வழியாக இறங்குகிறது, போர்வெல் ஓரமாகப் போகிறது, பின்னுறிஞ்சலில் நேராகவே போகிறது. ஆகவே எண்டோசல்பானை நீர்ச் சோதனையிலிருந்து விட்டுவிடாதீர்கள்.

நீர் மாதிரியை வாளி விட்டுக் கலக்கி எடுக்கக் கூடாது. மெதுவாக இறைத்து, வெப்பநிலையும் கடத்துதிறனும் நிலைத்த பிறகு, பூச்சிமருந்துச் சோதனைக்கு பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் நிரப்புங்கள். ஆர்செனிக்குக்குத் தனிப் பாட்டில். உடனே பனிக்கட்டிப் பெட்டி.

படி 6: ஆய்வுக்கூடத்திடம் என்ன கேட்க வேண்டும்

"பூச்சிமருந்து டெஸ்ட் பண்ணிக் கொடுங்க" என்று சொன்னால் அவர்கள் வழக்கமாகப் பார்க்கிற பட்டியலைப் பார்த்துத் தருவார்கள். உங்கள் தளத்து மருந்து அதில் இல்லாமலே போகலாம். எனக்கு அப்படி ஒருமுறை ஆனது. பருத்திப் பகுதித் தளம்; அறிக்கையில் எல்லாமே "கண்டறியப்படவில்லை". ஊர்க்காரர்களிடம் நல்ல செய்தி சொல்லக் கிளம்பியவன் பட்டியலை இன்னொரு முறை படித்தேன். டாக்சஃபீனைத் தேடவே இல்லை. அது ஒற்றைப் பொருள் அல்ல, நூற்றுக்கணக்கான சேர்மங்களின் கலவை. தனியாகச் சொல்லிக் கேட்டால்தான் பார்ப்பார்கள். மறுபடி கொடுத்தோம், இருந்தது.

சிதைவுப் பொருட்களையும் கேளுங்கள். எண்டோசல்பான் என்றால் எண்டோசல்பான் சல்பேட், டிடிடி (DDT) என்றால் டிடிஇ-யும் (DDE), ஒரு குளோரின் குறைந்த இன்னொரு வாரிசான DDD-யும், அட்ரசின் என்றால் அதன் ஈத்தைல் நீங்கிய வடிவம். மூலப்பொருள் கரைந்து போயிருக்கும், சிதைவுப் பொருள் காட்டிக் கொடுக்கும். கண்டறியும் வரம்பு குடிநீர் வரம்பைவிடக் குறைவாக இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். 0.4 மைக்ரோகிராம் வரம்புக்கு 1 மைக்ரோகிராம் வரைதான் பார்க்க முடிகிற கருவி எதற்கு?

ஒப்பிட வேண்டிய எண்கள்: ஆர்செனிக்குக்கு அமெரிக்க வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், டாக்சஃபீனுக்கு 3, அட்ரசினுக்கு 3. இந்தியாவில் அட்ரசினுக்கு 2. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சில தவிர எந்தப் பூச்சிமருந்தானாலும் 0.1, எல்லாம் சேர்த்து 0.5 என்று ஒரே கோடாகப் போட்டுவிட்டது. எனக்கு அந்த வழிதான் பிடிக்கும்.

படி 7: சுத்தம் செய்வது

மிக மோசமான மண்ணைத் தோண்டி, அனுமதி பெற்ற அபாயக் கழிவுக் கிடங்குக்கு அனுப்புவது ஒன்று. கிரிஸ்டல் சிட்டியில் செய்ததுபோல அங்கேயே சேர்த்து மூடுவது இன்னொன்று. மூடுவது செலவு குறைவு, ஆனால் விஷம் அங்கேயே இருக்கிறது; மூடியை யார் பார்த்துக்கொள்வது என்பதை எழுதி வைக்காமல் இதற்குச் சம்மதிக்காதீர்கள்.

மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. அரிசோனாவில் கிலா நதிப் பழங்குடி மக்களின் நிலத்தில், மருந்து விமானங்களால் டாக்சஃபீன் ஏறிய மண்ணை ரத்தத் தூளும் பாஸ்பேட் உப்பும் தண்ணீரும் கலந்து, காற்றுப் போகாமல் குழிகளில் மூடி வைத்தார்கள். காற்றில்லாத இடத்தில் நுண்ணுயிரிகள் டாக்சஃபீனின் குளோரினை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிடும். உரக்கடையில் கிடைக்கிற பொருள், சில மாதக் காத்திருப்பு. ஆனால் ஆர்செனிக் தனிமம். எந்த நுண்ணுயிரியும் அதை இல்லாமல் ஆக்காது. இரண்டும் இருக்கிற மண்ணில் இந்த வழி பாதி வேலைதான் செய்யும்.

தண்ணீருக்கு, இறைத்து, மருந்தை ஈர்த்துப் பிடிக்கும் கார்பன் (கரி) வழியாக விடுவதுதான் நம்பகமான வழி. கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரம் டிபிசிபி என்ற மருந்து கலந்த கிணற்று நீரை இப்படித்தான் சுத்தம் செய்து குடிக்கிறது. அந்த மருந்துக்கு அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் 1970-களின் கடைசியிலேயே தடை வந்துவிட்டது. கெட்ட போர்வெல்லை அப்படியே விடாமல் அடியிலிருந்து மேல்வரை சிமெண்ட் கலவையால் அடைத்து மூடுங்கள்.

படி 8: இயங்கும் தளம் என்றால்

அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2006-இல் கொண்டுவந்த விதிப்படி, பெரிய கொள்கலன்களிலிருந்து மருந்து இறக்கி ஏற்றும் மேடை பொதுவாக 750 கேலன், சுமார் 2,840 லிட்டர் சிந்தினாலும் தாங்கிப் பிடிக்க வேண்டும். விரிசல் இல்லாத காங்கிரீட், நடுவில் தொட்டிக்குச் சரிவு, மேலே கூரை. கேனை மூன்று முறை அலசி, அலசிய நீரை ஹாப்பரிலேயே ஊற்றுங்கள். ஹாப்பர் கழுவிய நீரும் அதே பயிருக்கே போகட்டும்.

மீதிக்கு ஸ்வீடன்காரர்கள் 1990-களில் செய்த உயிர்ப்படுகை நல்லது. அடியில் களிமண், மேலே அரை மீட்டருக்கு வைக்கோல் இரண்டு பங்கு, மேல்மண் ஒரு பங்கு, பீட் (சதுப்பு நிலத்து மக்கிய தாவர மண்) ஒரு பங்கு, அதன்மேல் புல். சிந்திய கழுவுநீரை வைக்கோலில் வளரும் பூஞ்சை சிதைத்துவிடும். நம் பக்கம் பீட்டுக்குப் பதில் தென்னை நார்க்கழிவைப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் அடியில் வடியும் நீரைச் சோதித்துப் பார்த்த பிறகே நம்ப வேண்டும்.

ட்ரோன் வைத்து மருந்து அடிப்பவர்களுக்கும் இதே பேச்சுதான். தொட்டி 10 லிட்டர்தானே என்று நினைப்பார்கள். ஏக்கருக்கு அந்தப் பத்து லிட்டருக்குள்ளேயே முழு மருந்தும் இருப்பதால் கரைசல் கைத்தெளிப்பானில் இருப்பதைவிடப் பல மடங்கு கெட்டி. ஒரு நாளில் இருபது, முப்பது தடவை ரொப்புகிறார்கள், பெரும்பாலும் பம்ப்செட் தொட்டி ஓரமாக, ஏனென்றால் தண்ணீர் அங்கேதான் இருக்கிறது. கலக்கும் இடத்தைக் கிணற்றிலிருந்து தள்ளிப் போடுங்கள், தண்ணீரைக் குடத்தில் அங்கே கொண்டுபோங்கள், அடியில் கெட்டித் தார்ப்பாய் விரியுங்கள், ஹோஸை ஒருபோதும் மருந்துத் தொட்டிக்குள் முங்க விடாதீர்கள்.

படி 9: பல வருடம் பார்த்துக்கொண்டே இருப்பது

சுத்தம் செய்து முடித்த பிறகு வருடத்துக்கு இரண்டு முறையாவது கண்காணிப்புக் கிணறுகளைச் சோதியுங்கள்: கோடையின் கடைசியில் ஒன்று, மழைக்காலம் முடிந்து நீர்மட்டம் ஏறியதும் ஒன்று. நீர்மட்டம் ஏறும்போது, அதுவரை காய்ந்திருந்த கெட்ட மண் நனைந்து மறுபடி எண்கள் கூடும். கோடையில் மட்டும் எடுத்தால் இது தெரியாமலே போய்விடும். நிலப் பத்திரத்தில் "இங்கே மருந்து விமானத் தளம் இருந்தது, இந்த எல்லைக்குள் கிணறு வெட்டக் கூடாது" என்று வரைபடத்தோடு பதிவு செய்யுங்கள். மனை போட்டு விற்கும் நாளில் அந்தப் பெரியவர் அங்கே வந்து செருப்புக் காலால் தட்டிக் காட்ட இருக்க மாட்டார்.